குறைந்த செலவில் உங்கள் எழுத்தின் உரிமையைக் காத்து நூலாக்கும் வழி

முதல் நூலை வெளியிட முனையும் ஒருவர், தம்மிடமுள்ள சிறு தொகையில் ஒரு பகுதியைப் பதிப்புரிமை பெறுவதற்கென்று தொடக்கத்திலேயே ஒதுக்கிவிடுவதை அடிக்கடி காண்கிறோம். சான்றிதழ் வாங்கித் தருகிறோம், நூல் எண் பெற்றுத் தருகிறோம் என்று கட்டணம் கேட்பவர்கள், பணம் கட்டாவிட்டால் உரிமை போய்விடுமோ என்ற அச்சத்தை நம்பியே தொழில் நடத்துகிறார்கள். உண்மையில், எழுதி முடித்தபோதே உரிமை செலவில்லாமல் உங்களிடம் வந்து சேர்ந்துவிடுகிறது. அதைப் பெறுவதற்குப் பணம் வேண்டியதில்லை. இழக்காமல் இருப்பதற்குக் கவனம் வேண்டும். ஆகவே கையிலுள்ள பணத்தைப் பிரதியின் செம்மைக்கும் எழுத்துப் பிழை திருத்தும் மெய்ப்புக்கும் அட்டைக்கும் வைத்துக்கொண்டு, உரிமை சார்ந்த வேலைகளைப் பெரும்பாலும் செலவின்றி முடிப்பது எப்படி என்பதை இங்கே விளக்குகிறேன்.

உரிமை எங்கிருந்து வருகிறது

1886ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கையெழுத்தான உடன்படிக்கைதான் இன்றைய பதிப்புரிமை முறைக்கு அடித்தளம். இப்போது 180க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இணைந்துள்ளன. 1908இல் பெர்லினில் அது திருத்தப்பட்டபோது, உரிமையை அனுபவிப்பதற்குப் பதிவு முதலிய எந்த முறைமையையும் நிபந்தனையாக்கக் கூடாது என்ற விதி சேர்க்கப்பட்டது. அந்த விதியின் பயனாகவே, நீங்கள் எழுதிய கதையோ கட்டுரையோ தாளிலோ கணினிக் கோப்பிலோ வடிவம் பெற்றவுடன் உங்களுடையதாகிறது. உடன்படிக்கையில் உள்ள மற்ற நாடுகளும் அந்த உரிமையை மதிக்கக் கடமைப்பட்டுள்ளன. அமெரிக்கா நெடுங்காலம் விலகி நின்று, 1989 மார்ச் 1 முதல்தான் இந்த முறைக்குள் வந்தது. நூலில் உரிமைக் குறிப்பு அச்சிடாவிட்டால் உரிமையே போய்விடும் என்ற பழைய எச்சரிக்கை, அதற்கு முந்திய அமெரிக்கச் சட்டத்தின் எச்சம்.

உரிமை நீடிக்கும் காலம் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. ஆசிரியரின் வாழ்நாளும் அதற்குப் பின் 50 ஆண்டுகளும் என்பது பெர்ன் உடன்படிக்கை வகுத்த குறைந்த அளவு. இந்தியாவில் அது 60 ஆண்டுகள். இலங்கை, பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் ஆகியவற்றில் 70 ஆண்டுகள். புனைபெயரில் எழுதி, உண்மையான பெயரை எங்குமே வெளிப்படுத்தாதவருக்குக் கணக்கு வேறு: பெரும்பாலும் வெளியான ஆண்டிலிருந்தே காலம் எண்ணப்படுகிறது. அதனால் புனைபெயரில் வெளியிட்டாலும், உங்கள் இயற்பெயரை நம்பகமான ஓர் ஆவணத்திலாவது எழுதி வைப்பது நல்லது.

நூலை அச்சிட்டு விற்றுப் பயன்பெறும் பொருளியல் உரிமைக்கு அப்பால், 1928 முதல் அதே உடன்படிக்கை ஆசிரியருக்கு இன்னும் இரண்டு உரிமைகளை அளிக்கிறது. படைப்பு தம்முடையது என்று சொல்லிக்கொள்ளும் உரிமை ஒன்று. தம் நற்பெயருக்குக் கேடு வரும்படி அதைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமை மற்றொன்று. பொருளியல் உரிமைகளை விற்ற பின்னும் இவை ஆசிரியரிடமே நிற்கும் என்பது உடன்படிக்கையின் விதி. நடைமுறையில் இவற்றின் வலிமை நாட்டுச் சட்டத்தைப் பொறுத்துக் கூடும், குறையும்.

பாதுகாக்கப்படாதவை எவை என்பதையும் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். கருத்து, கதைக்கரு, தகவல், செய்முறை ஆகியவற்றுக்குப் பதிப்புரிமை இல்லை. அவற்றை நீங்கள் சொன்ன விதத்துக்குத்தான் உண்டு. நூலின் தலைப்புக்கும் பொதுவாகப் பாதுகாப்புக் கிடைப்பதில்லை. இரண்டு சகோதரிகள் ஒரே வீட்டுக்காக வழக்காடும் கதையை யார் வேண்டுமானாலும் எழுதலாம். உங்கள் சகோதரிகள் பேசும் வாக்கியங்களை எடுத்துக்கொள்ளத்தான் எவருக்கும் உரிமை இல்லை. கருவைத் திருடிவிடுவார்களோ என்று அஞ்சிப் பிரதியை ஒருவரிடமும் காட்டாமல் வைத்திருப்பது, திருட்டைவிடப் பெரிய இழப்பை உண்டாக்கும் என்பது என் கருத்து, ஏனெனில் வாசித்துக் குறை சொல்ல ஆளில்லாத பிரதி குறையோடுதான் அச்சேறும்.

பதிவுக்கு எப்போது பணம் செலவிடலாம்

பதிவு உரிமையை உண்டாக்குவதில்லை. உரிமைக்கு ஒரு பொதுச் சான்றாக நிற்கிறது. பல நாடுகளில் பதிவு அலுவலகம் உண்டு. பிரிட்டனைப் போல அரசுப் பதிவேடே இல்லாத நாடுகளும் உண்டு. அமெரிக்கச் சட்டம் இதில் தனி வகை. அங்கே முதலில் வெளியான படைப்புக்கு அந்நாட்டு நீதிமன்றத்தில் உரிமை மீறல் வழக்குத் தொடுக்க வேண்டுமானால் முதலில் பதிவு வேண்டும். சட்டம் வரையறுத்த இழப்பீட்டுத் தொகையும் வழக்கறிஞர் செலவும் கோர வேண்டுமானால், மீறல் தொடங்கும் முன்போ, நூல் வெளியான மூன்று மாதங்களுக்குள்ளோ பதிவு செய்திருக்க வேண்டும். உங்கள் முதன்மைச் சந்தை அந்நாடாக இருந்து, நூல் விற்கும் என்ற நியாயமான நம்பிக்கையும் இருந்தால், அந்தக் கட்டணம் வீண் அல்ல. ஐம்பது பேருக்குக் கொடுக்கப் போகும் கவிதைத் தொகுப்புக்கு அதே செலவைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பதிவு செய்ய முடிவெடுத்தால், அரசின் பதிவு அலுவலகத்தில் நீங்களே நேரடியாக விண்ணப்பியுங்கள். படிவங்கள் ஒரு மாலைப்பொழுதில் நிரப்பக்கூடியவைதாம். இடைத்தரகர்கள் அதே படிவத்தை நிரப்பிக் கொடுப்பதற்குப் பன்மடங்கு தொகை கேட்கிறார்கள்.

பிரதியை உறையிலிட்டுத் தமக்கே பதிவுத் தபாலில் அனுப்பிப் பிரிக்காமல் வைத்துக்கொள்ளும் வழக்கம் இன்னும் பலரிடம் இருக்கிறது. அது சட்டப்படியான பதிவுக்கு ஈடாகாது. திறந்த உறையையும் அனுப்பிவிட்டுப் பிறகு நிரப்ப முடியும் என்பதால் சான்றாகவும் வலுவற்றது. அதைவிட நல்ல சான்றுகள் உங்கள் வேலையினூடே தாமாகவே சேர்ந்துகொண்டிருக்கின்றன. முதல் வரைவு முதல் இறுதி வரைவு வரை எல்லாக் கோப்புகளையும் தேதியோடு தனித்தனியாக வைத்திருங்கள். கையால் எழுதிய தாள்களைக் கிழிக்காதீர்கள். வாசித்துக் கருத்துச் சொல்ல நண்பருக்குப் பிரதியை அனுப்பிய மின்னஞ்சலை அழிக்காதீர்கள். இணையத்தில் வெளியிட்ட படைப்பானால், அந்தப் பக்கத்தை, இணையப் பக்கங்களைத் தேதியோடு சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் அன்றே சேமித்துவிடுங்கள். அதற்குச் செலவு இல்லை. அந்தத் தேதியை உங்களால் மாற்றவும் முடியாது என்பதே அதன் வலிமை. ஒரு படைப்பு வளர்ந்த வரிசையை வரைவுகளின் மூலம் காட்டக்கூடிய ஒருவரை, முடிந்த பிரதியை மட்டும் கையில் வைத்திருக்கும் நகலாளர் எதிர்த்து நிற்பது கடினம்.

பிறருடையவை உங்கள் நூலுக்குள் இருந்தால்

தம் உரிமையைப் பற்றிக் கவலைப்படும் எழுத்தாளர், பிறர் உரிமையைத் தம் நூல் மீறுகிறதா என்று பார்க்க மறந்துவிடுகிறார். விமர்சிக்கவோ விளக்கவோ தேவையான அளவு மேற்கோள் காட்டி, நூலின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் குறிப்பிடுவதைப் பெர்ன் உடன்படிக்கையே அனுமதிக்கிறது. அலங்காரத்துக்காக அத்தியாயத் தலைப்பில் வைக்கும் பாடல் வரி அந்த அனுமதிக்குள் எளிதாக அடங்காது. பாடல் குறுகியதாக இருப்பதால் இரண்டு வரியே அதில் கணிசமான பகுதியாகிவிடுகிறது. அனுமதி கிடைக்காவிட்டால் வரியை எடுத்துவிடுங்கள்; அதற்காக எந்த நாவலும் கெட்டுப்போனதில்லை.

சங்கப் பாடல்களுக்கும் குறளுக்கும் யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. ஆனால் அவற்றுக்கு இக்காலத்தவர் ஒருவர் எழுதிய உரை அவருடைய சொத்து. உங்களுக்கு வந்த கடிதத்தின் தாள் உங்களுடையதாக இருந்தாலும், அதிலுள்ள எழுத்தின் உரிமை எழுதியவருடையது. ஒளிப்படத்தின் உரிமை பொதுவாக எடுத்தவரைச் சேரும். படத்தில் நீங்கள் இருப்பதனாலேயே அது உங்களுடையதாகிவிடாது. மொழிபெயர்ப்பு என்பது மூல ஆசிரியரின் அனுமதியோடு மட்டுமே வெளியிடக்கூடிய ஒன்று. இவை ஒவ்வொன்றுக்கும் மின்னஞ்சலில் பெற்ற இரண்டு வரி ஒப்புதல்கூடப் போதும், வாய்ச்சொல் போதாது.

அட்டைப் படத்துக்குத் தேடுபொறியில் கிடைத்ததை எடுக்கக் கூடாது. யாருடைய பதிப்புரிமையும் இல்லாத பொதுவுடைமைப் படங்களும், உரிமையாளரே சில நிபந்தனைகளோடு எல்லோருக்கும் முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் உள்ள படங்களும் இணையத்தில் ஏராளமாக உள்ளன. ஆனால் அந்த உரிமங்கள் ஆறு வகைப்படும். வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் உரிமத்தில் உள்ள படத்தை விலைக்கு விற்கும் நூலின் அட்டையில் வைக்க முடியாது. செயற்கை நுண்ணறிவுக் கருவி முழுவதுமாக வரைந்த படத்துக்குப் பதிப்புரிமைப் பதிவு இல்லை என்பது அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தின் நிலைப்பாடு. அப்படியொரு படத்தை அட்டையாக்கினால், அதே படத்தை வேறொருவர் எடுத்தாளும்போது தடுக்க முடியாமல் போகலாம்.

எழுத்துருவுக்கும் உரிமம் உண்டு. நோட்டோ வரிசையிலுள்ள தமிழ் எழுத்துருக்கள் திறந்த எழுத்துரு உரிமத்தில் கிடைப்பதால், அச்சு நூலிலும் மின்னூலிலும் தடையின்றிப் பயன்படுத்தலாம்.

கையெழுத்திடும் முன்

உரிமை கைநழுவும் இடம் ஒப்பந்தம். செலவே இல்லாமல் நூலை வெளியிட்டுத் தருகிறோம் என்று ஒரு பதிப்பகம் முன்வந்தால் அது மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆனால் அந்த மகிழ்ச்சியில் கையெழுத்திட்டுவிடாமல், தாளை வீட்டுக்கு எடுத்துச் சென்று இரண்டு நாள் படியுங்கள். முதலில் பார்க்க வேண்டியது, உரிமையை முழுவதுமாக மாற்றிக் கொடுக்கிறீர்களா, குறிப்பிட்ட பயனுக்கு உரிமம் மட்டும் அளிக்கிறீர்களா என்பது. ‘இப்படைப்பின் அனைத்து உரிமைகளும், எல்லா வடிவங்களிலும், எல்லா மொழிகளிலும், உலகெங்கும், உரிமைக் காலம் முழுவதும்’ என்ற தொடர் கண்ணில் பட்டால், நாவலை மட்டுமல்லாமல், அதன் ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைவடிவம் ஆகியவற்றையும் அந்த ஒரே கையெழுத்தால் விட்டுக்கொடுக்கிறீர்கள் என்று பொருள். தமிழில் அச்சு நூல் போடும் பதிப்பகத்துக்குத் தேவையானது தமிழ் அச்சு உரிமை. கூடவே மின்னூல் உரிமையும் கேட்கலாம். மற்றவற்றைப் பெயர் சொல்லி விலக்கி எழுதுமாறு பணிவாகக் கேட்பதில் தவறேதும் இல்லை.

அடுத்தது காலம். மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு என்று எண்ணால் எழுதப்பட்ட காலம் வேண்டும். காலமும் நிலப்பரப்பும் குறிப்பிடப்படாத ஒப்பந்தத்தில், காலத்தை ஐந்து ஆண்டாகவும் பரப்பை இந்தியாவுக்குள்ளாகவும் கொள்ள வேண்டும் என்று இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் ஆசிரியர் பக்கம் நிற்கிறது. எல்லா நாட்டுச் சட்டமும் அப்படி நிற்பதில்லை, தெளிவாக எழுதிவிட்ட ஒப்பந்தத்தை எந்தச் சட்டமும் எளிதில் மாற்றுவதுமில்லை. நூல் கிடைக்காமல் போனால் உரிமை உங்களிடம் திரும்ப வேண்டும் என்ற விதியும் அவசியம். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. தேவைக்கேற்ப ஒவ்வொரு படியாக அச்சிடும் முறை வந்தபின், எந்த நூலும் பெயரளவில் என்றுமே ‘அச்சில் உள்ளது’. ஆகவே ‘அச்சில் இல்லாதபோது’ என்று எழுதாமல், ‘ஓராண்டில் இத்தனை படிகளுக்குக் குறைவாக விற்றால்’ என்று எண்ணைக் குறித்து எழுதச் சொல்லுங்கள்.

ராயல்டி, அதாவது விற்பனையில் ஆசிரியருக்குரிய பங்கு, எதன்மீது கணக்கிடப்படுகிறது என்பது விழுக்காட்டைவிட முக்கியம். அட்டை விலையில் 10 விழுக்காடு என்பதும், கழிவுகள் போகப் பதிப்பகத்துக்கு வந்த தொகையில் 10 விழுக்காடு என்பதும் ஒன்றல்ல. நூலகங்களுக்கும் கடைகளுக்கும் அளிக்கும் கழிவு பெரிதாக இருந்தால் இரண்டாவது முதலாவதில் பாதியாகக்கூட இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறையாவது விற்பனைக் கணக்கு எழுத்தில் தரப்பட வேண்டும் என்ற வாசகம் இல்லாத ஒப்பந்தத்தில், விழுக்காடு எவ்வளவு இருந்தாலும் அதைச் சரிபார்க்க வழியில்லை. அடுத்து எழுதும் நூல்களையும் இவர்களுக்கே முதலில் தர வேண்டும் என்ற விதி இருந்தால், அதை ஒரே ஒரு நூலுக்கும், சில வாரக் கெடுவுக்கும் சுருக்கக் கேளுங்கள்.

நூலைப் ‘பாராட்டித் தேர்ந்தெடுத்து’, பின் அச்சுச் செலவுக்கு ஆசிரியரிடமே பெருந்தொகை கேட்கும் நிறுவனங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். பணம் கொடுத்து அச்சிட்டுக்கொள்வதில் தவறில்லை. ஆனால் பணமும் உங்களுடையது, உரிமையும் அவர்களுடையது என்ற ஏற்பாடு எந்தக் கணக்கிலும் நியாயமாகாது. செலவு உங்களுடையதானால் அச்சான படிகள், கோப்புகள், உரிமை, விலை நிர்ணயம் ஆகிய அனைத்தும் உங்களுடையவையாக இருக்க வேண்டும். அச்சிடுபவர் அச்சகமாக மட்டுமே இருக்க வேண்டும்.

போட்டிகளின் விதிமுறைகளிலும் இதே பொறி இருக்கும். பரிசு பெறாத படைப்புகளின் உரிமையும் நடத்துவோருக்கே சேரும் என்று சிறிய எழுத்தில் சொல்லும் போட்டிக்கு எதையும் அனுப்பாதீர்கள். இதழில் வெளியான கதைகளைத் தொகுக்கும்போது, இதழுக்கு நீங்கள் தந்தது முதல் வெளியீட்டு உரிமை மட்டும்தானா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

பணம் செல்ல வேண்டிய இடம்

சிறு தொகையே கையில் இருக்குமானால், அதில் பெரும்பங்கு பிரதியைச் செம்மையாக்குபவருக்கும் மெய்ப்புப் பார்ப்பவருக்கும் செல்ல வேண்டும். இவை இரண்டு வேலைகள். ஒரே ஆள் ஒரே வாசிப்பில் இரண்டையும் செய்ய முடியாது. செம்மையாக்குபவர் அத்தியாய வரிசையையும் கூறியது கூறலையும் பார்ப்பவர். மெய்ப்புப் பார்ப்பவர் ஒற்று மிகும் இடத்தையும் ரகர றகரத்தையும் பார்ப்பவர். முழு நூலுக்கும் கட்டணம் தர இயலாவிட்டால், முதல் இரண்டு அத்தியாயங்களுக்கு மட்டும் தேர்ந்த ஒருவரிடம் செம்மை செய்யக் கொடுத்து, அவர் திருத்திய முறையைப் பார்த்து மீதியை நீங்களே திருத்துங்கள். எழுதும் நண்பரோடு பிரதியை மாற்றிக்கொண்டு, அவருடையதற்கு நீங்களும் உங்களுடையதற்கு அவரும் மெய்ப்புப் பார்ப்பது செலவில்லாத, நெடுங்காலமாக நடந்துவரும் ஏற்பாடு. தம் பிழை தமக்குத் தெரியாது என்பதால், உங்கள் நூலுக்கு நீங்களே கடைசி மெய்ப்பாளராக இருந்துவிடாதீர்கள்.

பிரதி பழைய எழுத்துருக் குறியாக்கத்தில் இருந்தால், பக்க வடிவமைப்புக்கு முன்பே யூனிகோடுக்கு மாற்றிவிட வேண்டும். மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன, ஆனால் மாற்றிய பிரதியை முழுதும் படித்தாக வேண்டும். இடையிடையே வந்த ஆங்கிலச் சொற்களும் மேற்கோள் குறிகளும் சிதைந்திருக்கும். காலுக்குப் பதில் ரகரமும், ஔகாரத்துக்குப் பதில் ஒகரமும் ளகரமும் சேர்ந்த வடிவமும் கண்ணுக்குச் சரியாகத் தோன்றியபடியே உள்ளே இருக்கும். அச்சில் இவை தெரியாமல் போகலாம். மின்னூலில் ஒருவர் சொல்லைத் தேடும்போது அந்தச் சொல் அகப்படாது. ஒலிவாசிப்பு மென்பொருள் அதைப் பிழையாகப் படிக்கும்.

பக்க வடிவமைப்புக்கு இலவச மென்பொருளான லிபர் ஆபிஸ் போதுமானது. தலைப்பு, உட்தலைப்பு, பத்தி ஆகியவற்றுக்குப் பாணிகளை வரையறுத்துவிட்டால் பொருளடக்கத்தை அதுவே உருவாக்கும். கூடுதல் நுணுக்கம் வேண்டுவோருக்கு, இலவசப் பக்க வடிவமைப்பு மென்பொருளான ஸ்கிரைபஸின் 1.6 பதிப்பு தமிழ் எழுத்துகளைச் சரியாகக் காட்டுகிறது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால், சிறிய பக்கத்தில் இருபுறமும் சீராக்கிய வரிகளில் சொற்களுக்கிடையே பள்ளம் விழும். எழுத்தளவை அரைப் புள்ளி குறைத்தோ ஓரத்தைச் சற்றுக் குறைத்தோ பார்த்து, ஒரு பக்கத்தை உண்மை அளவில் அச்சிட்டுக் கையில் வைத்துப் படித்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். திரை காட்டும் தோற்றம் ஏமாற்றும். முதல் பக்கம் வலப்புறம் வர வேண்டும். கட்டுமானத்தில் மறையும் உள்ஓரத்துக்குக் கூடுதல் இடம் விட வேண்டும். அட்டைக் கோப்பில் நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் வெட்டுக்கு விட்டு, படங்கள் அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்தியில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். முதுகின் அகலம் பக்க எண்ணிக்கையையும் தாளின் கனத்தையும் பொறுத்தது. அதை அச்சகம் சொன்ன பிறகே அட்டையை முடியுங்கள்.

தலைப்புப் பக்கத்தின் பின்புறம் உரிமைப் பக்கம். © குறி, முதலில் வெளியான ஆண்டு, உரிமையாளர் பெயர் ஆகிய மூன்றும் ஒரே வரியில் இருந்தால் போதும். உரிமைக்கு அந்தக் குறி இன்று கட்டாயமில்லை என்றாலும், உரிமையாளர் யாரென்று தெரியவில்லை என்ற சாக்கை அது அடைத்துவிடுகிறது. பதிப்பு எண், அட்டைக் கலைஞர் பெயர், பெற்ற அனுமதிகள், அனுமதி கேட்க விரும்புவோருக்கான மின்னஞ்சல் முகவரி ஆகியவற்றையும் சேருங்கள். கடைசியாகச் சொன்ன முகவரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். உங்கள் கதையைப் பாடநூலில் சேர்க்க விரும்பும் ஒருவர் உங்களைத் தேடிக் கண்டுபிடிக்க அதுவே வழி. நீண்ட மிரட்டல் பத்தி எதையும் கூடுதலாகப் பாதுகாப்பதில்லை.

ஐஎஸ்பிஎன்

இது வணிகத்தில் நூலை அடையாளம் காட்டும் எண். உரிமைக்கும் இதற்கும் தொடர்பில்லை. 2007 ஜனவரி 1 முதல் 13 இலக்கங்கள் கொண்டது. ஒவ்வொரு நாட்டுக்கும் அல்லது பகுதிக்கும் ஒரு முகமை உண்டு. இந்தியா, கனடா போன்ற நாடுகளில் இலவசம். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் விலைக்குத்தான் கிடைக்கும். சாதாரண அட்டைப் பதிப்புக்கு ஓர் எண், கெட்டி அட்டைக்கு வேறோர் எண், மின்னூலுக்கு இன்னோர் எண் என்று வடிவத்துக்கு ஒன்றாகப் பெற வேண்டும். மாற்றமின்றி மறு அச்சுச் செய்தால் பழைய எண்ணே தொடரும்.

வெளியீட்டுத் தளங்கள் தாமே இலவச எண் தருவதுண்டு. அந்த எண்ணைப் பொதுவாக வேறு தளத்திலோ வேறு அச்சகத்திலோ பயன்படுத்த முடியாது. நூலின் பதிவில் பதிப்பாளர் என்ற இடத்தில் உங்கள் பெயரும் இராது. உங்கள் நாட்டில் எண் இலவசமாகக் கிடைக்குமானால், சில வாரம் காத்திருந்தாவது சொந்த எண் பெறுவதையே பரிந்துரைக்கிறேன். பின்னட்டைக்கான பட்டைக் குறியை இங்க்ஸ்கேப் மென்பொருளிலேயே செலவின்றி உருவாக்கலாம்.

எந்த வடிவில் வெளியிடுவது

மின்னூலுக்கு அச்சுச் செலவு இல்லை என்பதால், கையில் ஒன்றுமே இல்லாதவர் அங்கே தொடங்கலாம். காலிபர், சிகில் ஆகிய இலவச மென்பொருள்கள், மின்னூல் வடிவமான இபப் கோப்பை உருவாக்கவும் திருத்தவும் உதவும். அமேசான் கிண்டில் தளத்தில் மின்னூலுக்கு 35 விழுக்காடு, 70 விழுக்காடு என்று இரு ராயல்டி முறைகள் உண்டு. உயர்ந்த விகிதத்துக்கு விலை வரம்பும் நாட்டு வரம்பும் இருக்கின்றன. அங்கே ‘செலக்ட்’ திட்டத்தில் சேர்ந்தால், 90 நாட்களுக்கு அந்த மின்னூலை வேறெங்கும், உங்கள் சொந்தத் தளத்தில்கூட, வெளியிடக் கூடாது. நீங்களாக நிறுத்தாவிட்டால் அந்தக் கெடு தானாகப் புதுப்பிக்கப்படும். வெளிநாட்டு நிறுவனம் தரும் ராயல்டியில் அந்நாட்டு வரி பிடிக்கப்படும் என்பதால், கணக்குத் தொடங்கும்போது கேட்கும் வரிப் படிவத்தைப் பொறுமையாக நிரப்புங்கள். உங்கள் நாட்டுக்கும் அமெரிக்காவுக்கும் வரி ஒப்பந்தம் இருந்தால், வழக்கமான 30 விழுக்காட்டுப் பிடித்தம் குறையக்கூடும்.

அச்சு நூலில் கேள்வி எண்ணிக்கையைப் பற்றியது. ஆப்செட் முறையில் தகடு தயாரிக்கும் தொடக்கச் செலவு படிகள் கூடக்கூடப் பங்கிடப்பட்டு ஒரு படியின் செலவு குறையும். தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் ஒரு படிக்கும் நூறு படிக்கும் செலவு ஏறக்குறைய ஒரே வீதம். ஆயிரம் படி அடித்தால் ஒரு படி மலிவு என்று அச்சகத்தார் சொல்வது உண்மைதான், ஆனால் விற்காத படிகளின் முழுச் செலவும் வீட்டு மூலையில் அடுக்கப்பட்டிருக்கும் என்பதும் உண்மை. முன்பதிவு செய்து பணம் அனுப்பியவர்களை எண்ணி, அதற்கு மேல் சிறிதளவு மட்டும் அச்சிடுங்கள். தீர்ந்தால் மறுபடி அடித்துக்கொள்ளலாம். இணையத் தளங்களின் அச்சுச் சேவையைப் பயன்படுத்த எண்ணினால், மின்னூலாகத் தமிழை ஏற்கும் தளம் அச்சு நூலாகவும் ஏற்கிறதா என்று வடிவமைப்பில் இறங்கும் முன்பே பாருங்கள். எதுவாயினும், மாதிரிப் படி ஒன்றைக் கையில் வாங்கிப் பார்க்காமல் விற்பனையைத் திறக்காதீர்கள்.

வருவாயைவிட வாசகரே முக்கியம் என்று நினைப்பவருக்குக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாக வெளியிடுவது மதிப்புள்ள வழி. உரிமை உங்களிடமே இருக்கும்; பெயர் குறிப்பிட வேண்டும், வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, மாற்றக் கூடாது என்ற நிபந்தனைகளைத் தேர்ந்துகொள்ளலாம். ஆனால் ஒருமுறை அளித்த உரிமத்தைத் திரும்பப் பெற இயலாது. பின்னாளில் ஒரு பதிப்பகம் தனியுரிமை கேட்டால் அதைத் தர முடியாமல் போகும் என்பதை எண்ணிப் பார்த்துவிட்டு வெளியிடுங்கள்.

வெளியான பிறகு

பல நாடுகளில், வெளியான நூலின் படிகளைத் தேசிய நூலகத்துக்கோ சட்டம் குறிப்பிடும் நூலகங்களுக்கோ அனுப்புவது பதிப்பாளரின் கடமை. நீங்களே வெளியிட்டால் நீங்களே பதிப்பாளர். உங்கள் நாட்டு விதியைப் பார்த்து அனுப்பிவைத்து, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். நூல் வெளியான நாளுக்கு அதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

உங்கள் எழுத்தை யாரேனும் இணையத்தில் நகலெடுத்து வெளியிட்டிருந்தால், முதலில் அந்தப் பக்கத்தைத் தேதியோடு சேமித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு அவருக்கு எழுதுங்கள். பலர் பெயர் சேர்க்கவோ நீக்கவோ உடனே இணங்கிவிடுவார்கள். இணங்காவிட்டால், அந்தத் தளத்தை நடத்தும் நிறுவனத்துக்கு நீக்கக் கோரும் அறிவிப்பு அனுப்பலாம். அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அந்நாட்டு நிறுவனங்கள் இத்தகைய அறிவிப்புகளுக்கு நடைமுறை வைத்துள்ளன; அதற்குப் பதிப்புரிமைப் பதிவும் வழக்கறிஞரும் வேண்டியதில்லை. அறிவிப்பில் உண்மையை மட்டும் எழுதுங்கள், ஏனெனில் பொய்யான அறிவிப்பு உங்கள்மீதே பொறுப்பைத் திருப்பும்.

உரிமை உங்களுக்குப் பின் குறைந்தது அரை நூற்றாண்டு நிலைக்கும் என்பதால், அது யாரைச் சேரும் என்பதை உயிலிலோ கையொப்பமிட்ட குறிப்பிலோ எழுதி வைக்க வேண்டும். எழுதி வைக்காவிட்டால் வாரிசுகள் அனைவரும் கூட்டாக உரிமையாளர்களாகி, ஒரு மறுபதிப்புக்கே எல்லோருடைய கையெழுத்தையும் தேடி அலைய நேரும். அந்தக் குறிப்போடு ஒப்பந்தங்களின் நகல், நூலின் திருத்தக்கூடிய மூலக் கோப்பு, பயன்படுத்திய எழுத்துரு, அட்டைக் கோப்பு, வெளியீட்டுத் தளக் கணக்குகளின் விவரம், ராயல்டி வந்து சேரும் வங்கிக் கணக்கின் விவரம் ஆகியவற்றை ஒரே இடத்தில் வைத்து, அந்த இடத்தைக் குடும்பத்தில் ஒருவருக்காவது இப்போதே சொல்லிவிடுங்கள்.